அணைந்ததும் அழுத்தவும்

—விளக்கு அணைஞ்சதும் அழுத்து, அவ்வளவுதான் வேலை. உனக்குப் போய் இதைச் சொல்றேன் பாரு, எனக்கே சிரிப்பா இருக்கு. எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நீதான்.

—சரி பாப்பா.

—நாற்காலி வசதியா இருக்கா அண்ணே? இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போடட்டுமா?

—இதுவே போதும்.

—எதிர்ச் சுவத்துல புள்ளி மாதிரி எரியுது பாரு, தெரியுதா? கடுகு அளவுக்குத்தான் வெளிச்சம் விட்டிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி நாம பாக்கப் போற நட்சத்திரமும் அப்படித்தான் மங்கலா இருக்குமாம்.

—தெரியுது.

—சன்னல்ல கறுப்புத் துணி மாட்டியிருக்கேன். வெயில் எங்கயாவது சந்து வழியா வந்தா சொல்லு. இந்த ஒத்தைக் கையால ஆணி அடிக்கறதுக்குள்ள உசுரு போயிருச்சு.

—ஏன், இன்னொரு கைக்கு என்ன?

—அப்பாடா! வந்து எவ்வளவு நேரம் ஆச்சு, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? வாசல்ல கட்டுப் போட்ட கையாலதானே கதவைத் திறந்தேன், உன் மூஞ்சிக்கு நேரா.

—கவனிக்கல. என்ன ஆச்சு?

—லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல மோட்டார் சுட்டிருச்சு. கரன்ட் நிப்பாட்டிட்டேன்னு கூட வந்தவன் சொன்னான், நம்பிக் கைய வெச்சேன். ஆறிடும், விடு.

—மருந்து போட்டியா?

—போட்டாச்சு. நான் கோவிச்சுக்கல அண்ணே. அண்ணி போனதுலேருந்து நீ எதையும் கவனிக்கறது இல்ல, எங்களுக்குப் பழகிப் போச்சு. சட்டையையே உள்வெளியாப் போட்டுட்டு வந்திருக்க. தையல் எல்லாம் வெளிய தெரியுது.

—அப்படியா.

—பஸ்ல ஒருத்தரும் சொல்லலையா?

—யார் சொல்லப் போறா.

—எழுந்து திருப்பிப் போட்டுக்க.

—இருட்டுலதானே உக்காந்திருக்கோம். அப்புறம் போட்டுக்கறேன்.

—இதுக்குத்தான் இங்கயே வந்து இருன்னு சொல்றேன். மாடி ரூம் சும்மா கெடக்கு. பழைய பேப்பரும் உடைஞ்ச ஃபேனும்தான் அதுல குடியிருக்கு. ஒரு நாள்ல காலி பண்ணிடுவேன்.

—விடு பாப்பா. எனக்கு அங்க பழகின இடம்.

—தனியா என்னதான் பண்றே?

—ஒண்ணும் பண்றதில்ல. உக்காந்திருக்கேன்.

—சாப்பிடறியா?

—பசிச்சா சாப்பிடறேன்.

—பசிக்குதா?

—சில நாள்.

—என்னமோ போ. நீயா போன் பண்ணி, சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு இடம் குடுன்னு கேட்ட பாரு, அன்னிக்கு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அண்ணி போனப்புறம் நீயா வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் இதுதான். உங்க மாப்ளகிட்ட சொல்லிட்டேன், எப்பாடு பட்டாவது எங்கண்ணனுக்கு இடம் குடுத்தாகணும்னு.

—டெஸ்ட்ல தேறணுமே.

—நீ தேறாம யாரு தேறப் போறா? சரி, பேசிக்கிட்டே இருந்தா வேலை ஆகாது. பொத்தான் கையில இருக்கா? இருபது தடவை அணையும். எப்ப அணையும்னு தெரியாது. நடுவுல பேச மாட்டேன்.

—ஆரம்பி.

…

—முடிஞ்சுது அண்ணே. கைய எடுத்துக்கலாம்.

—எப்படி வந்திருக்கு?

—இரு, இன்னும் ஒரு தடவை பாக்கறேன். பெட்டி சரியாத்தானே காட்டுது? ஏங்க, கதவைத் திறக்காதீங்க! உள்ள டெஸ்ட் நடக்குது!

—திறந்தாச்சு, திறந்தாச்சு. டீ ஆறிப்போனா அதுக்கு எந்த டெஸ்டும் கிடையாது. வாங்க மச்சான். நான் கிளினிக்ல இருந்தேன், நீங்க வந்ததே தெரியாது. ஒரு கடைவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிட்டு இப்பத்தான் வந்தேன்.

—நல்லா இருக்கீங்களா மாப்ள?

—எனக்கென்ன, ஊர்ல எல்லாரும் இனிப்புத் திங்கற வரைக்கும் என் பிழைப்பு ஓடும். இந்தாங்க, பிடிங்க. அட, பாத்து பாத்து! டம்ளர் இங்க இருக்கு மச்சான். சிந்திருச்சு பாருங்க. சுட்டுதா?

—இல்ல. பரவாயில்ல.

—சுடாம எப்படி? கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்தேன்.

—ஒண்ணும் தெரியல மாப்ள. விடுங்க.

—ஏங்க, அந்தத் துணியை எடுங்க, தொடைச்சு விடறேன். கைய நீட்டு அண்ணே.

—மச்சானோட கணக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல. சாயங்காலத்துக்குள்ள யாரு எங்க உக்காரணும்னு எல்லாருக்கும் அனுப்பணும். கேமரா மூணுதான் இருக்கு, மீதி இடத்துக்கெல்லாம் மனுஷக் கண்ணுதான். மேற்கு ஓரத்துக்கு இன்னும் ஆளே போடல.

—புள்ளி ஒண்ணு ஏழு.

—என்னது?

—புள்ளி ஒண்ணு ஏழு. விளக்கு அணைஞ்சதுக்கும் அண்ணன் அழுத்தினதுக்கும் நடுவுல அவ்வளவுதான் ஆகுது. கால் நொடி கூட இல்ல.

—அப்படிப் போடு! மச்சான், நீங்க மனுஷனா புலியா? நான் முந்தாநாள் உக்காந்தேன், புள்ளி மூணுக்குக் கீழ வரவே இல்ல. ஒரு தடவை விளக்கு அணையறதுக்கு முன்னாடியே அழுத்திட்டேன். நான் ஊசியைக் கையில எடுக்கறதுக்குள்ள 'ஆ'ன்னு கத்துவானுங்களே, அந்த மாதிரி.

—நீங்க சும்மா இருங்க. எனக்கு ஒண்ணு புரிய மாட்டேங்குது.

—இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? மேற்கு ஓரம் மச்சானுக்கு. எழுதிடறேன்.

—அவசரப்படாதீங்க. ஓரம்னா சும்மாவா? நீங்கதானே மனப்பாடமா சொல்லுவீங்க.

—அதைத்தான் சொல்றேன். வானத்துல ஒரு கல்லு போகுது. அது நட்சத்திரத்துக்குக் குறுக்க வர்றப்ப, நாலஞ்சு நொடிக்கு நட்சத்திரம் காணாம போயிடும். பத்து ஊர்ல பத்துப் பேர் உக்காந்து, போனதும் ஒரு அழுத்து, வந்ததும் ஒரு அழுத்து. அந்த நேரத்தை எல்லாம் கோடு கோடாப் போட்டா, கல்லு என்ன வடிவம்னு வந்துடும். கண்ணு பாத்ததுக்கப்புறம் கை அழுத்தறதுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும், ஆளுக்கு ஆள் வேற வேற. அந்தத் தாமதத்தைத் தெரிஞ்சு கழிக்கறதுக்குத்தான் இந்த டெஸ்ட். நடுவுல உக்காந்தவன் தூங்கி வழிஞ்சாலும் பக்கத்துல இருக்கறவன் காப்பாத்திடுவான். ஓரத்துல உக்காந்தவன் 'என் இடத்துல அணையவே இல்ல'ன்னு சொன்னா, கல்லு அதோட முடிஞ்சுதுன்னு வரைஞ்சிடுவோம். அதனாலதான் அங்க நம்பகமான ஆள் வேணும்கறேன். மச்சானை விட நம்பகமா யாரு இருக்கா? போன வருஷம் ஆறு நட்சத்திரம், ஆறையும் கச்சிதமாப் பிடிச்சார்.

—ஆறையும் அரை நொடித் தாமதத்துல பிடிச்சார். ரெண்டு வருஷமா அண்ணனுக்கு அரை நொடிதான். அதுக்கு முன்னாடி கால் நொடி. இப்ப திடீர்னு கால் நொடிக்கும் கீழ.

—நல்லதுதானே? பழைய வேகம் திரும்பி வந்திருக்கு.

—வயசு ஏற ஏற கை மெதுவாகும், வேகமாகுமா? அதுவும் இப்ப இவர் இருக்கற நிலைமையில? சட்டையை நேரா மாட்டத் தெரியல. டீ கொட்டினது சுடல. அணையற விளக்கு மட்டும் ஊர்ல எல்லாருக்கும் முன்னாடி இவருக்குத் தெரியுது.

—நல்லா தூங்கிட்டு வந்திருப்பாரு. என்ன மச்சான்?

—ஆமா மாப்ள.

—பாத்தியா? நான் போய் டெலஸ்கோப் காலை எல்லாம் துடைச்சு வைக்கறேன். நீ இன்னொரு தடவை வேணும்னா வெச்சுப் பாத்துக்க. ஆனா இந்தப் பெட்டிக்கு ஏதாவது பண்ணும்மா. என்ன இது, டக்கு டக்குன்னு கத்துது? டீ போட்டுட்டே நான் அடுப்படியிலேருந்து எண்ணிட்டேன், கரெக்டா இருபது.

—அடுப்படி வரைக்கும் கேட்டுதா?

—ஏன் கேக்காது? நீ லிஃப்ட்ல கழட்டின சாமான் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சா. மச்சான், டீயைக் குடிங்க. மிச்சம் இருக்கறதாவது உள்ள போகட்டும்.

—குடிக்கறேன்.

—கதவைச் சாத்திட்டுப் போறேன். சண்டை போட்டுக்காதீங்க ரெண்டு பேரும்.

…

—அண்ணே.

—ம்.

—இன்னொரு சுத்து போலாமா?

—எதுக்கு? மாப்ளதான் எழுதிடறேன்னாரே.

—எனக்காக. கொஞ்சம்தான், இருபதெல்லாம் இல்ல.

—சரி.

—பொத்தானைப் பிடிச்சுக்க. விளக்கைப் பாத்துக்கிட்டே இரு.

—பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

…

—இப்ப அழுத்தினியே, ஏன்?

—அணைஞ்சுது.

—அணையல அண்ணே.

—கை பழக்கத்துல அழுத்தியிருப்பேன். மாப்ள மாதிரி.

—மறுபடி பாப்போம்.

…

—இப்பவும் அணையல. நீ அழுத்தின.

—கண்ணு சிமிட்டியிருப்பேன் பாப்பா. அந்த நேரத்துல அணைஞ்ச மாதிரி இருந்திருக்கும்.

—ரெண்டு தடவையும் விளக்கைப் பெட்டியிலேருந்து பிரிச்சு நேரா பிளக்குல குடுத்துட்டேன், அது எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துது. பெட்டியில சத்தம் மட்டும்தான் வந்துது.

—ஓ.

—இன்னும் ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான், சத்தியமா.

—சரி.

…

—அண்ணே.

—சொல்லு.

—அழுத்தலையே?

—அணைஞ்சாத்தானே அழுத்தறது.

—இப்ப விளக்கு எரியுதா?

—எரியுது.

—எப்படி எரியுது?

—நல்லாத்தான் எரியுது. கொஞ்சம் மஞ்சளா.

—அண்ணே, நான் பிளக்கைப் புடுங்கி எவ்வளவோ நேரம் ஆச்சு.

—அப்படியா.

—அப்படியான்னா? ஏதாவது பேசு அண்ணே.

—என்ன பேசறது.

—சன்னலைத் திறக்கறேன். இந்தா, துணியை எடுத்துட்டேன். என்னைப் பாரு. இங்க பாரு, இந்தப் பக்கம். என் மூஞ்சி தெரியுதா உனக்கு?

—நீ பேசினா தெரியும்.

—அய்யோ. எப்பலேருந்து?

—ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. அச்சகத்துல புரூஃப் பாத்துக்கிட்டு இருந்தேன். வரிக்கு நடுவுல ஒரு வார்த்தை இல்ல. அச்சுக் கோத்தவன் விட்டுட்டான்னு நெனச்சு ஓரத்துல குறி போட்டேன். அவன் வந்து சண்டை போட்டான், வார்த்தை இங்கதான சார் இருக்குன்னு. தலையைத் திருப்பிப் பாத்தா இருந்துது. நேராப் பாத்தா இல்ல.

—முதுகு வலின்னுதானே வேலையை விட்ட?

—முதுகுக்கு ஒண்ணும் இல்ல.

—டாக்டர்?

—நாலு பேர்கிட்ட போனோம். நடுவுலேருந்து ஆரம்பிச்சு மெதுவா ஓரத்துக்குப் போகும், நிப்பாட்ட முடியாதுன்னாங்க. சொன்ன மாதிரி மெதுவாத்தான் போச்சு. கொஞ்ச நாள் ஓரக்கண்ணால நட்சத்திரம் பாத்தேன். அப்புறம் ஓரமும் போச்சு. இப்ப சன்னல் இருக்கற பக்கம் வெளிச்சம்னு தெரியும். ஆள் நடந்தா நிழல் மாதிரி தெரியும்.

—எங்க யார்கிட்டயும் சொல்லல.

—சொல்லல.

—நான் உன் கூடப் பொறந்தவதானே? கையில கட்டைப் பாக்கலைன்னு நான் வேற குத்திக் காட்டிட்டேன். அண்ணி போன சோகத்துல எதுவும் இவர் மண்டையில ஏறலைன்னு ஊரே பேசுது. நானும் சேர்ந்து பேசினேன்.

—அதுவும் உண்மைதான் பாப்பா. எதுவும் ஏறல.

—இரு. அப்ப போன வருஷம் அந்த ஆறு நட்சத்திரம்? உன் நேரத்தை வெச்சுத்தானே கணக்கு எல்லாம் போட்டோம்? அதெல்லாம் என்ன, வாய்க்கு வந்ததைச் சொன்னியா?

—இல்ல. அதெல்லாம் சரியான நேரம். ஒண்ணு கூடப் பொய் இல்ல.

—கண்ணு தெரியாம எப்படி அழுத்தின?

—அவ பாத்தா.

—அண்ணியா?

—பக்கத்துல சின்ன டெலஸ்கோப் ஒண்ணு வெச்சுக்கிட்டு உக்காருவாளே, சும்மா வேடிக்கை பாக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு. ஒரு கை என் தோள்ல இருக்கும். நட்சத்திரம் போனதும் விரலால ஒரு தட்டு தட்டுவா. நான் அழுத்துவேன். வந்ததும் இன்னொரு தட்டு.

—புருஷன் பொண்டாட்டி இந்த வயசுலயும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்.

—அவளும் சிரிச்சுக்குவா.

—டெஸ்டுக்கும் கூடவே வருவாங்க. இந்த ரூம்ல, இதே இடத்துல.

—இங்கயும் அப்படித்தான். அவ விளக்கைப் பாத்தா, நான் அழுத்தினேன். டெஸ்ட்லயும் அப்படியே பண்ணாத்தான் கணக்கு நேர்மையா இருக்கும்னு அவதான் பிடிவாதமா சொன்னா. ரெண்டு பேரோட தாமதமும் சேர்ந்து வரும், நீ அதை மொத்தமாக் கழிச்சுடுவ, நேரம் சரியா வந்துடும்னா.

—அந்த அரை நொடி…

—கால் நொடி அவ கண்ணுக்கு. கால் நொடி என் கைக்கு.

—அவங்களே அழுத்தியிருக்கலாமே அண்ணே? இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

—நானும் கேட்டேன். உங்க பேர்லதான் கணக்குப் போகணும்னு சொன்னா. வேலையும் போய், இதுவும் போயிட்டா, நான் வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்.

—சனிக்கிழமை என்ன பண்றதா இருந்த? நட்சத்திரம் அணையறப்ப சத்தம் கேக்காதே.

—தெரியும்.

—அணையலைன்னு எழுதிக் குடுத்தா கல்லோட ஒரு பக்கமே தப்பாப் போயிருக்கும். பத்துப் பேரோட உழைப்பு.

—அப்படி எழுத மாட்டேன். மேகம் மறைச்சிருச்சுன்னு எழுதிடலாம்னு இருந்தேன். அதை யாரும் கணக்குல சேத்துக்க மாட்டீங்க. ஓரத்துல ஒரு ஆள் குறைஞ்ச மாதிரி ஆகும், அவ்வளவுதான்.

—ஒண்ணும் பாக்க முடியாத இடத்துக்கு எதுக்கு அண்ணே போகணும்?

—அந்த நாற்காலியில உக்காந்தா தோள்ல கை இருக்கற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். வீட்டுல அப்படி இல்ல. வீட்டுல ஒண்ணுமே இல்ல பாப்பா. கட்டில், அலமாரி, அவ புடவை, எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். துணி துணியாத்தான் இருக்கு. அழுகை கூட வரல. எல்லாரும் வந்து அழுதாங்க, நான் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

—அழுதுடு அண்ணே. இங்க யாரும் இல்ல.

—வந்தா அழ மாட்டேனா. நீ அழாத. கட்டுப் போட்ட கையால மூக்கைத் துடைக்காத, புண்ணுல படும்.

—அது எப்படித் தெரிஞ்சுது உனக்கு?

—சின்ன வயசுலேருந்து அப்படித்தானே பண்ணுவ.

—அண்ணே, மேற்கு ஓரம் உனக்குக் குடுக்க முடியாது.

—சரி.

—எல்லாத்துக்கும் சரின்னு சொல்லாத. திட்டு. உன் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடுன்னு கத்து.

—நீ சொல்றது நியாயம்தானே. மாப்ளகிட்ட மட்டும் என்னமோ ஒண்ணு சொல்லிக்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லு.

—அவர்கிட்ட நான் மறைக்க மாட்டேன்.

—அப்ப சொல்லு. பரவாயில்ல. நான் கெளம்பறேன், வெயில் இறங்கறதுக்குள்ள போனா நிழல் கொஞ்சம் தெரியும். என் பை எங்க?

—எப்படிப் போவ?

—வந்த மாதிரிதான். கண்டக்டர்கிட்ட ஸ்டாப் பேரைச் சொன்னா இறக்கி விட்டுடுவார். அங்கேருந்து வீடு வரைக்கும் பள்ளிக்கூடத்துக் கம்பி வேலி, அதைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம். வேலி முடியற இடத்துல ரோட்டைக் கடக்கணும், அங்க யாராவது வருவாங்க.

—வரலைன்னா?

—வர்ற வரைக்கும் நிப்பேன். எனக்கென்ன அவசரம்.

—மாடி ரூம் இருக்குன்னு சொன்னேன்ல?

—விடு பாப்பா. உனக்கு லிஃப்டு, அவருக்குக் கிளினிக். நடுவுல நான் ஒருத்தன் தடவிக்கிட்டு நிக்கணுமா? அங்க எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பைய எடுத்துக் குடு.

—பை அப்புறம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்தப் பெட்டியை வெச்சு உனக்கு இன்னிக்குத்தான் முதல் டெஸ்ட். பழசுக்குச் சத்தமே கிடையாது. சத்தத்தை வெச்சு அழுத்திக்கலாம்னு எந்தத் தைரியத்துல கெளம்பி வந்த?

—அவதான் சொன்னா.

—என்ன சொன்னாங்க?

—ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். உங்க தங்கச்சி டெஸ்ட் பெட்டியை மாத்தறாளாம், இனிமே விளக்கு அணையறப்ப டக்குனு சத்தம் கேக்குமாம்னா. சும்மா பேச்சுக்குச் சொல்றாள்னு நெனச்சேன். மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாளும். ஞாபகம் வெச்சுக்குங்கன்னா.

—ஞாபகம் வெச்சுக்கச் சொன்னாங்களா?

—ஆமா. சனிக்கிழமை சமாசாரம் காதுல விழுந்ததும் அதுதான் ஞாபகம் வந்துது. அந்தச் சத்தம் இல்லேன்னா நான் உனக்கு போனே பண்ணியிருக்க மாட்டேன். இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு அங்கயே இருந்திருப்பேன். என்ன பாப்பா? பேச்சையே காணோம். எங்க நிக்கற நீ?

—கதவுகிட்ட. தாழ்ப்பாள் போட்டுட்டேன்.

—எதுக்கு?

—பழைய பெட்டி நல்லாத்தான் இருந்துது அண்ணே, அதை மாத்தணும்னு எனக்கு ஒரு அவசியமும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அண்ணிதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு வையின்னாங்க. மருந்து மயக்கத்துல என்னமோ சொல்றாங்கன்னு நெனச்சு, கேட்டதைச் செஞ்சு குடுத்தேன். ஏன் அண்ணின்னு கேட்டதுக்கு அவங்க சொன்னது எனக்கு இப்பத்தான் புரியுது: "சத்தம் இருந்தாத்தான் உங்கண்ணன் வருவாரு. வந்தா, திருப்பித் தனியா அனுப்பிடாதே."